ஜப்பானில் வாடகைக் கார் இடித்துவிட்டால்: காசு கொடுத்து முடிப்பதா, போலீஸைக் கூப்பிடுவதா?

ஜப்பானிலும் நம்மைப் போல இடதுபக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங்கும் வலதுபக்கம்தான். அதனால் ஹொக்கைடோவுக்கோ ஒகினாவாவுக்கோ போகிறவர்கள், அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ தயங்குகிற அளவுக்கு அங்கே கார் எடுக்கத் தயங்குவதில்லை. ஓட்டுவதில் உண்மையிலேயே பெரிய சிரமம் கிடையாது. எங்காவது இடித்துவிட்டால்தான் சிரமம். அந்த நேரத்தில் நமக்குப் பழகிப்போன காரியங்கள் பலவும் அங்கே செய்யக்கூடாதவை.

ஒரு சாதாரணச் சம்பவத்தை எடுத்துக்கொள்வோம். ஹொக்கைடோவின் ஃபுரானோ ஊரில் ஒரு கடை வாசலில் ரிவர்ஸ் எடுக்கிறீர்கள். பின்னால் நின்ற சின்னக் காரின் கதவில் உங்கள் பம்பர் உரசிவிடுகிறது. கடைக்குள்ளிருந்து வந்த பெரியவர் கீறலைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை என்பது போலக் கையசைக்கிறார். உங்கள் வண்டியிலும் ஓரத்தில் கொஞ்சம் பெயின்ட் போயிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. மதியத்துக்குள் அசஹிகாவா போய்க் குழந்தைகளுக்கு விலங்குக் காட்சிசாலையைக் காட்டவேண்டும். இப்போது மூன்று வழிகள் இருக்கின்றன. பெரியவர் கையில் ஒரு 10,000 யென் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். எதிர்த்தரப்போடு எதுவும் பேசாமல், வாடகை நிறுவனத்துக்கு மட்டும் போன் போட்டுச் சொல்லலாம். அல்லது 110-ஐ அழைத்துப் போலீஸ் வரும்வரை காத்திருக்கலாம்.

மூன்றாவதைத்தான் செய்யவேண்டும். கீறல் எவ்வளவு சின்னதாக இருந்தாலும், எதிராளி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் இதுதான். ஆனால் அந்த இடத்தில் நிற்கும்போது முதல் வழிதான் எளிதாகத் தெரியும். அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும்.

காசு கொடுத்து முடிப்பது

நம் ஊரில் இப்படித்தான் நடக்கிறது. கூட்டம் கூடும், நாலு பேர் நியாயம் பேசுவார்கள், பெரிய வண்டிக்காரர் தலையில் தப்பு விழும், ஐந்நூறோ இரண்டாயிரமோ கை மாறும், அவரவர் வழியில் போய்விடுவார்கள். இலங்கையில் காப்புறுதி நிறுவனத்தின் ஆளே சம்பவ இடத்துக்கு வந்து பார்த்துக் கணக்குப் போடுவதும் வழக்கம். ஜப்பானில் இன்சூரன்ஸ்காரர் ரோட்டுக்கு வரமாட்டார். பிறகு எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்துதான் பேசுவார். அப்படிப் பேசுவதற்கு அவருக்கு இருக்கும் அடிப்படை ஒன்றே ஒன்று: விபத்து நடந்தது என்று போலீஸிடம் பதிவானது.

ஜப்பானின் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, விபத்தில் சிக்கிய ஓட்டுநர் வண்டியை நிறுத்தவேண்டும், அடிபட்டவருக்கு உதவவேண்டும், மற்ற வண்டிகளுக்கு ஆபத்து வராமல் பார்க்கவேண்டும், போலீஸுக்குச் சொல்லவேண்டும் என்கிறது. வண்டிக்கு மட்டும் சேதம் என்றாலும் இந்தக் கடமை உண்டு. சொல்லாமல் போனால் 3 மாதம் வரை சிறை அல்லது 50,000 யென் வரை அபராதம் என்று சட்டம் சொல்கிறது. ஆளுக்கு அடிபட்டு, அவருக்கு உதவாமல் ஓடினால் 10 ஆண்டு வரை போகலாம்.

சட்டத்தை விடுங்கள், காசுக் கணக்கைப் பார்ப்போம். வாடகை ஒப்பந்தத்தில் எல்லா நிறுவனங்களும் எழுதி வைத்திருக்கும் வாசகம் இது: போலீஸில் பதிவாகாத விபத்துக்கும், நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் எதிராளியோடு நேரில் பேசி முடித்த விபத்துக்கும் இன்சூரன்ஸ் கிடையாது. பெரியவரிடம் 10,000 யென் கொடுத்த அந்த நிமிடத்தில், வாடகையோடு சேர்ந்து வந்த மொத்தப் பாதுகாப்பையும் நீங்களே தூக்கி எறிந்துவிடுகிறீர்கள். மாலையில் வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது வாடகை நிறுவன ஊழியர் சுற்றி வந்து பார்ப்பார். பம்பர் ஓரம் கண்ணில் படும். பெயின்ட் மட்டும்தானா, உள்ளே இருக்கும் சென்ஸாருமா என்பது பட்டறைக்குப் போனபிறகுதான் தெரியும். முழுச் செலவும் உங்களுடையது.

அந்தப் பக்கமும் முடிந்துவிடாது. கையசைத்த பெரியவர் வீட்டுக்குப் போனதும் மகன் கதவைத் திறந்து பார்த்து, சரியாக மூடவில்லை என்கிறார். அல்லது காருக்குள் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்கு மறுநாள் காலையில் கழுத்து வலிக்கிறது. லேசான இடியில்கூடக் கழுத்து வலி ஒரு நாள் கழித்து வருவது புதிதல்ல. அவர்கள் போலீஸுக்குப் போகிறார்கள். இப்போது பதிவேட்டில் இருப்பது வண்டி எண்ணும், இடித்துவிட்டுப் போய்விட்ட வெளிநாட்டுக்காரர் என்ற விவரமும்தான். நீங்கள் கொடுத்த 10,000 யெனுக்கு ரசீது இல்லை. எதிராளி நல்லவர் என்பதால் எதுவும் ஆகாது என்று நம்புவது, அவர் வீட்டில் இருக்கும் எல்லோரும், அவருடைய இன்சூரன்ஸ் நிறுவனமும் அதே மனதோடு இருப்பார்கள் என்று நம்புவது.

நிறுவனத்துக்கு மட்டும் சொல்வது

இதை நேர்மையான நடுவழி என்று நினைப்பவர்கள் உண்டு. எதையும் மறைக்கவில்லை, உரியவரிடம் சொல்லியாயிற்று என்ற நிம்மதி. ஆனால் போனை எடுத்ததும் மறுமுனையில் வரும் முதல் கேள்விகளில் ஒன்று, போலீஸுக்குச் சொல்லிவிட்டீர்களா என்பதாகத்தான் இருக்கும். இல்லை என்றால் முதலில் அதைச் செய்யச் சொல்வார்கள். அதற்குள் நீங்கள் கிளம்பிப் போயிருந்தால் திரும்பி வரவேண்டும், எதிராளியையும் வரவழைக்கவேண்டும். ஆக இது தனி வழியே கிடையாது. போலீஸுக்குச் சொன்னபிறகு, அதே இடத்தில் நின்றபடியே செய்யவேண்டிய அடுத்த வேலை இது.

போலீஸைக் கூப்பிடுவது

அடிபட்டவர் இருந்தால் முதலில் 119, ஆம்புலன்ஸுக்கு. பிறகு 110, போலீஸுக்கு. பிறகு வாடகை நிறுவனம். வண்டியை ஓரமாக நிறுத்தி ஹசார்டு விளக்கைப் போடுங்கள். எக்ஸ்பிரஸ்வேயில் நடந்திருந்தால் முக்கோண எச்சரிக்கைப் பலகையைப் பின்னால் வைத்துவிட்டு எல்லோரும் தடுப்பு வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடவேண்டும். அங்கே 1 கிலோமீட்டருக்கு ஒன்று வீதம் அவசரத் தொலைபேசி இருக்கும், சுரங்கத்துக்குள் 200 மீட்டருக்கு ஒன்று.

ஜப்பானியப் போலீஸைப் பற்றிப் பயப்படத் தேவையில்லை என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். போலீஸ் என்றாலே அலைச்சலும் செலவும் என்று நம் மனதில் பதிந்திருக்கிறது. அதனால்தான் பலர் முதல் வழிக்குப் போகிறார்கள். அங்கே ஆளுக்குக் காயமில்லாத, வெறும் வண்டிச் சேதம் என்றால் உரிமத்தில் புள்ளியோ அபராதமோ பொதுவாக விழாது. வருவார்கள், இரண்டு பேரின் உரிமத்தையும் பார்ப்பார்கள், எங்கே எப்படி இடித்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள், போகச் சொல்வார்கள். யார் யாருக்கு எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதில் தலையிடவே மாட்டார்கள். அது இன்சூரன்ஸ் நிறுவனங்களின் வேலை. ஸ்டேஷனில் உட்காரவைத்துப் பேசி முடிக்கும் பழக்கம் அங்கே இல்லை.

மொழி பெரிய தடையாகத் தெரியும். 110-இல் மொழிபெயர்ப்பாளரை இணைப்பில் சேர்க்கும் வசதி இருக்கிறது. ஜப்பான் தேசியச் சுற்றுலா அமைப்பின் 24 மணி நேர உதவி எண் 050-3816-2787-இல் ஆங்கிலத்தில் பேசலாம். ஆனால் இன்று பலர் மாட்டிக்கொள்ளும் இடம் மொழியைவிடச் சின்ன விஷயம். பயணிகள் வாங்கும் இ-சிம்கள் பலவும் டேட்டா மட்டும் தருபவை, அவற்றில் 110-ஐயோ 119-ஐயோ அழைக்க முடியாது. இணையம் வழியாக அழைக்கும் செயலிகளும் இதற்கு உதவாது. கார் ஓட்டப் போகிறீர்கள் என்றால் ஒருவரிடமாவது குரல் அழைப்பு உள்ள சிம்மோ, இந்திய எண்ணின் ரோமிங்கோ இருக்கட்டும். இல்லையென்றால் கடை ஊழியரையோ எதிராளியையோ அழைக்கச் சொல்லுங்கள். பொதுத் தொலைபேசியில் இந்த இரண்டு எண்களுக்கும் காசு வேண்டாம்.

காத்திருக்கும் நேரத்தில் படம் எடுங்கள்: இரண்டு வண்டிகளின் எண் பலகை, சேதம், தூரத்திலிருந்து ரோடும் சிக்னலும். எதிராளியின் பெயர், தொலைபேசி, இன்சூரன்ஸ் நிறுவனம் ஆகியவற்றையும், வந்த போலீஸ்காரர் எந்த நிலையத்தைச் சேர்ந்தவர் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வண்டியில் டேஷ்கேமரா இருந்தால், பதிவை அழியாமல் எடுத்துவைக்கும்படி நிறுவனத்திடம் அப்போதே சொல்லிவிடுங்கள். தொடர்ந்து ஓட்டினால் பழைய பதிவின்மேல் புதியது ஏறிவிடும். மரியாதைக்கு மன்னிப்புக் கேட்பதில் தவறில்லை, கேட்காமல் நிற்பதுதான் அங்கே அநாகரிகம். ஆனால் நான் கொடுத்துவிடுகிறேன் என்ற வாக்குறுதியும் கையெழுத்தும் வேண்டாம்.

எதிரே இன்னொரு வண்டியே இல்லாத விபத்துக்கும் இதே முறைதான். ஹொக்கைடோவில் இலையுதிர்காலத்தில், முக்கியமாக அக்டோபர், நவம்பரில், சாயங்கால நேரத்தில் மான்கள் ரோட்டில் பாயும். மானை இடித்தாலும், பனியில் சறுக்கித் தடுப்பு வேலியை இடித்தாலும் 110. வேலி அரசுச் சொத்து, அதைச் சரிசெய்யும் செலவு உங்களிடம் வரும். பதிவு இருந்தால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும். செத்த விலங்கு ரோட்டை மறித்துக் கிடந்தால் #9910-இல் சொல்லலாம்.

யார் தப்பு என்பதில் நம் ஆட்களுக்கு ஓர் அதிர்ச்சி காத்திருக்கிறது. இரண்டு வண்டியும் நகர்ந்துகொண்டிருந்த மோதலில், தப்பு முழுக்க ஒருவர்மேல் விழுவது குறைவு. சதவீதமாகப் பிரிப்பார்கள், எதிராளி குறுக்கே வந்திருந்தாலும் 10 அல்லது 20 சதவீதம் உங்கள் பக்கம் எழுதப்படலாம். நின்றுகொண்டிருந்த வண்டியைப் பின்னாலிருந்து இடிப்பது போன்ற சில வகைகளில்தான் 100-க்கு 0, அதாவது தப்பு முழுக்க ஒருவர்மேல். அந்த 0 உங்களுடையதாக இருந்தால் சந்தோஷம்தான், ஆனால் உங்கள் தரப்பு இன்சூரன்ஸ் நிறுவனம் உங்களுக்காக எதிராளியிடம் பேச முடியாது. கொடுக்கவேண்டிய பணம் எதுவும் அதற்கு இல்லாதபோது பிறருக்காகப் பேரம் பேசுவது வழக்கறிஞர் வேலையாகிவிடும், சட்டம் அதைத் தடுக்கிறது. வண்டிச் சேதத்தை அதன் உரிமையாளரான வாடகை நிறுவனம் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்கள் மருத்துவச் செலவை நீங்கள்தான் கேட்கவேண்டும்.

அதனால் உடம்பில் லேசான வலி இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிச் சான்று வாங்குங்கள். போலீஸ் விபத்துகளை வண்டிச் சேதம் மட்டும் உள்ளவை, ஆளுக்குக் காயம் உள்ளவை என்று இரண்டாகப் பதிகிறது. முதலில் வண்டிச் சேதம் என்று பதிவானதை மாற்ற மருத்துவச் சான்று தேவை. ஊருக்குத் திரும்பியபிறகு சென்னையில் எடுத்த ஸ்கேனை வைத்து இதைச் செய்வது பெரும்பாடு. காயத்துக்கு ஈடு கேட்க அந்தப் பதிவு முக்கியம்: எல்லா வண்டிக்கும் கட்டாயமான இன்சூரன்ஸிலிருந்து காயத்துக்கு 12 லட்சம் யென் வரை, மரணத்துக்கு 3 கோடி யென் வரை கிடைக்கும்.

கவுண்டரில் எடுக்கும் முடிவு

இடித்தபிறகு என்ன செலவாகும் என்பது பெரும்பாலும் சாவியை வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஜப்பானில் அடிப்படை இன்சூரன்ஸ் வாடகைக்குள்ளேயே அடக்கம், அதுவும் மோசமானதல்ல. எதிராளியின் உயிருக்கும் உடலுக்கும் வரம்பில்லாத பாதுகாப்பு, பொருளுக்கும் பெரும்பாலும் அப்படியே. ஆனால் எதிராளியின் பொருட்சேதத்தில் முதல் 50,000 யென், வாடகை வண்டியின் சேதத்தில் முதல் 50,000 யென் உங்கள் பொறுப்பு. மலிவு நிறுவனங்கள் சிலவற்றில் இது இன்னும் கூடுதல். இதற்கு மேல், வண்டி பட்டறையில் கிடக்கும் நாட்களுக்கான இழப்பீடு என்று ஒன்று தனியாக உண்டு: வண்டியை ஓட்டிக்கொண்டே திருப்பிக் கொடுக்க முடிந்தால் வழக்கமாக 20,000 யென், முடியாவிட்டால் 50,000. எல்லாம் சேர்ந்தால் 1,50,000 யென், ஏறக்குறைய எண்பதாயிரம் ரூபாய்.

இதைச் சமாளிக்க மூன்று வகை இருக்கின்றன. எதுவும் கூடுதலாக வாங்காமல் அடிப்படையோடு போவது ஒன்று. நிறுவனத்திடமே நாளுக்கு ஒரு தொகை கட்டி அந்தப் பொறுப்பை நீக்கிக்கொள்வது இன்னொன்று. கிரெடிட் கார்டு தரும் பாதுகாப்பையோ, முன்பதிவுத் தளங்கள் ‘முழுப் பாதுகாப்பு’ என்ற பெயரில் விற்பதையோ நம்புவது மூன்றாவது.

என் கருத்தில் வெளிநாட்டுப் பயணிக்கு இரண்டாவதுதான் சரி. முதல் 50,000-களை நீக்கும் திட்டம் பல நிறுவனங்களில் நாளுக்கு 1,100 யென் அளவில் தொடங்குகிறது. ஆனால் அது மட்டும் வாங்கினால் பட்டறை நாட்களுக்கான இழப்பீடு அப்படியே நிற்கும். கவுண்டரில் ஆகப் பெரிய ஏமாற்றம் இதில்தான். அதையும் நீக்கும் மேல்திட்டத்தைச் சேர்த்து நாளுக்கு 2,000 யென் என்றே வைத்துக்கொண்டாலும், ஐந்து நாளுக்கு 10,000. அந்த 1,50,000-க்கு எதிரே இது பெரிய தொகை அல்ல. டயர், தொலைந்த சாவி, உள்ளே கொட்டிய அழுக்கு போன்றவை எதில் அடங்கும் என்று தனியாகக் கேளுங்கள், நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும்.

மூன்றாவது வகை மலிவாகத் தெரிந்தாலும் அதில் முதலில் நீங்கள் நிறுவனத்துக்குக் கட்டவேண்டும், பிறகு ஊருக்கு வந்து கேட்டு வாங்கவேண்டும். கேட்கும்போது வாடகை ஒப்பந்தம், பழுதுபார்ப்புக் கணக்கு, விபத்துச் சான்றிதழ் எல்லாம் வேண்டும். ஜப்பானில் அந்தச் சான்றிதழை ரோட்டிலேயே போலீஸ்காரர் எழுதித் தரமாட்டார். பாதுகாப்பான வாகன ஓட்டுதலுக்கான மையம் (Japan Safe Driving Center) என்ற தனி அமைப்பில் விண்ணப்பித்து, போலீஸின் தகவல் அங்கே போய்ச் சேர்ந்தபிறகு வாங்கவேண்டும், ஜப்பானிய மொழியில்தான் இருக்கும். மூன்று நாளில் விமானம் ஏறும் ஒருவருக்கு இது எவ்வளவு சுலபம் என்று யோசியுங்கள். தவிர, இந்த வகைத் திட்டங்கள் பலவும் நீங்கள் ஓட்டும் வண்டியின் சேதத்தை மட்டுமே பார்க்கும். எதிராளியின் பொருளுக்கான 50,000 யென் அதில் வராமல் போகலாம். சாதாரண டிராவல் இன்சூரன்ஸ் மருத்துவச் செலவுக்குத்தான். அது கட்டாயம் வேண்டும், ஆனால் வண்டிக்கு அதை நம்பாதீர்கள்.

எந்தத் திட்டம் வாங்கினாலும் அதை வெறும் காகிதமாக்கிவிடும் சில விஷயங்கள் உண்டு. ஒப்பந்தத்தில் பெயர் இல்லாத நண்பர் ஓட்டியிருந்தால் இல்லை. குடித்திருந்தால் இல்லை, கூட உட்கார்ந்து வந்தவரையும் சேர்த்தே தண்டிக்கும் ஊர் அது. சொல்லாமல் வாடகை நேரத்தைத் தாண்டியிருந்தால் இல்லை. சரியான உரிமம் இல்லாவிட்டாலும் இல்லை. ஜப்பான் ஏற்பது 1949 ஜெனீவா உடன்படிக்கைப்படி கொடுக்கப்பட்ட இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட்டை மட்டுமே. நம் ஆர்.டி.ஓ. தருவது அந்த வகைதான். இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, கனடாவில் வாங்குவதும் செல்லும். சுவிட்சர்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸில் இருக்கும் தமிழர்களுக்கு அந்த நாட்டுப் பர்மிட் அங்கே செல்லாது, உரிமத்தின் அதிகாரபூர்வ ஜப்பானிய மொழிபெயர்ப்பைக் கையில் வைத்திருக்கவேண்டும்.

அப்புறம் பயணம் என்னவாகும்?

வண்டி ஓடுகிறது, நிறுவனமும் ஓட்டலாம் என்கிறது என்றால் தொடரலாம். ஆனால் பல நிறுவனங்களில் நீங்கள் வாங்கிய பொறுப்பு நீக்கம் ஒரு விபத்துக்குத்தான். இரண்டாவது இடிக்கு மறுபடி 50,000-கள் உயிர்பெறும். போனில் பேசும்போதே இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வண்டி ஓடாது என்றால் ஒப்பந்தம் அங்கேயே முடிந்ததாக எழுதியிருக்கும் நிறுவனங்கள் அதிகம். மீதி நாளின் வாடகை திரும்பி வராது, மாற்று வண்டிக்குப் புதிதாகக் கட்டவேண்டியிருக்கும். ஹொக்கைடோவின் கிழக்குப் பக்கம் போல ரயிலும் பஸ்ஸும் அரிதான இடத்தில் இருந்தால் வேறு வழியில்லை, எடுக்கத்தான் வேண்டும். சப்போரோவுக்கு அருகிலோ ஒகினாவாவில் நாஹா நகரத்துக்குள்ளோ இருந்தால், மீதியை ரயிலிலோ மோனோரயிலிலோ பார்த்துக்கொள்வதுதான் நல்லது. இடித்தபிறகு கை நடுங்கிக்கொண்டே பழகாத ரோட்டில் ஓட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடைசியாக, விமான நிலையத்துக்குப் போகும் வழியில் இடித்துவிட்டால்? இரண்டு மணி நேரத்தில் விமானம், பின்னால் வந்தவர் கோபமாக இறங்குகிறார். அப்போதும் 110-தான். விமானத்தைத் தவறவிட்டால் ஒரு டிக்கெட் போகும். போலீஸ் பதிவு இல்லாமல் போனால் மேலே சொன்ன மொத்தமும் போகும். வண்டிச் சேதம் மட்டும் என்றால், விமான நேரத்தைப் போலீஸ்காரரிடம் காட்டிச் சொல்லுங்கள், விவரம் எடுத்து முடித்ததும் விட்டுவிடுவார்கள். யாருக்காவது காயம் என்றால் அந்த விமானத்தை மறந்துவிட்டு விமான நிறுவனத்துக்கும் டிராவல் இன்சூரன்ஸுக்கும் சொல்லிவிடுங்கள். கவனக்குறைவால் ஒருவரைக் காயப்படுத்துவது அங்கே குற்ற வழக்கு, 7 ஆண்டு வரை சிறையோ 10 லட்சம் யென் வரை அபராதமோ உண்டு. விசாரணைக்காகச் சில நாள் இருக்கச் சொல்லலாம். கைது என்ற நிலை வந்தால், உங்கள் தூதரகத்துக்குத் தெரிவிக்கும்படி கேட்கும் உரிமை 1963 வியன்னா உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவில் இருக்கிறது. டோக்கியோவில் இந்தியத் தூதரகமும் ஒசாகாவில் துணைத் தூதரகமும் உள்ளன. அபராதம் கட்டவோ உங்களுக்காக வழக்காடவோ அவர்கள் வரமாட்டார்கள். வழக்கறிஞர்களின் பட்டியல் தருவார்கள், வீட்டுக்குத் தகவல் சொல்வார்கள்.